சிடி39 இல்லாவிட்டால் மைக்ரோகிளியா ஏன் நகர்வதில்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையில் அடிபட்ட இடத்துக்கு மைக்ரோகிளியா செல்கள் போய்ச் சேருவதில் சிடி39 என்ற என்சைமுக்கு என்ன பங்கு என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம். பிளஸ் டூ உயிரியல் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும், மீதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மைக்ரோகிளியா என்றால் என்ன? அதுவும் நியூரான்தானே?

இல்லை. சேதி கடத்துவது நியூரான்களின் வேலை. அவற்றுக்குத் துணையாக நிற்கிற கூட்டத்துக்குக் கிளியா என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ருடால்ஃப் விர்ச்சோ அந்தப் பெயரை வைத்தபோது, நரம்பு செல்களை ஒட்டிப் பிடித்துவைக்கும் பசை என்ற அளவில்தான் நினைத்தார். 1919-இல் ஸ்பெயினில் பியோ டெல் ரியோ ஓர்தேகா வெள்ளி கார்பனேட் சாயம் ஏற்றிப் பார்த்து, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே தனி ரகமாக ஒரு சின்ன செல் இருக்கிறது, அது நகரும், கழிவுகளை விழுங்கும் என்று பிரித்துக் காட்டினார். அதுதான் மைக்ரோகிளியா. மற்ற கிளியா செல்கள் நரம்பு மண்டலத்தின் சொந்த வம்சம். இது கருவின் மஞ்சள்கருப் பையில் உருவாகி மூளைக்குள் குடியேறும் நோய் எதிர்ப்பு செல். எலியின் மூளையில் இடத்துக்கு இடம் மாறி, மொத்த செல்களில் 5 முதல் 12 சதவீதம் வரை இதுதான்.

நகர்கிறது என்கிறீர்களே, மூளைக்குள் செல் ஊர்ந்து போகுமா?

இரண்டு வித நகர்வு இருக்கிறது. இதைப் பிரிக்காமல் படித்தால் பின்னால் வருவதெல்லாம் குழம்பும்.

முதலாவது, செல்லின் உடம்பு இருந்த இடத்திலேயே இருக்க, கைகள் மட்டும் நீண்டு சுருங்குவது. 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக, மைக்ரோகிளியா மட்டும் பச்சையாக ஒளிரும்படி செய்த எலிகளின் மண்டையோட்டைக் கண்ணாடிபோல மெல்லியதாகத் தேய்த்து, உயிரோடு இருக்கும் மூளைக்குள் டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப்பால் பார்த்தன. அதுவரை 'ஓய்வில் இருக்கும் செல்' என்று புத்தகங்கள் எழுதிவந்த மைக்ரோகிளியா ஒரு நொடி சும்மா இல்லை. கைகள் நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரான் வேகத்தில் நீள்வதும் மடங்குவதுமாகத் துழாவிக்கொண்டே இருந்தன. லேசரால் ஒரு சின்னப் புள்ளியைச் சுட்டதும் சுற்றியிருந்த செல்கள் எல்லாம் கையை அந்தப் பக்கம் நீட்டி, அரை மணி நேரத்துக்குள் புண்ணை மூடிவிட்டன.

இரண்டாவது, கைகளைச் சுருக்கிக்கொண்டு முழு செல்லும் இடம்பெயர்வது. இது மெதுவானது, மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு செத்த பகுதியைச் சுற்றி மைக்ரோகிளியா குவிவதில் இந்த வகைக்குப் பெரிய பங்கு உண்டு.

அடிபட்ட இடம் இதுதான் என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

பெரும்பாலும் ஏடிபி மூலம். செல்லின் எரிபொருள் என்று பள்ளியில் படித்த அதே ஏடிபி, மூன்று பாஸ்பேட் கொண்ட மூலக்கூறு. செல்லுக்குள் அது மில்லிமோலார் அளவில் இருக்கும், வெளியே அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. செல் கிழிந்தால் உள்ளே இருப்பது வெளியே கொட்டும். வெளியே ஏடிபி தென்படுவதே பக்கத்தில் ஏதோ உடைந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஏடிபி ஒரு சேதி மூலக்கூறாகவும் வேலை செய்கிறது என்று ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் 1972-இல் எழுதியபோது பலர் நம்பவில்லை, எரிபொருளை யாராவது சேதி அனுப்பக் கொட்டுவார்களா என்பதுதான் அன்றைய வாதம்.

மைக்ரோகிளியாவின் மேலே இதைப் பிடிக்கும் ஏற்பிகள் பல உண்டு. நகர்வுக்கு முக்கியமானது பி2ஒய்12. அது இல்லாத எலிகளில் கைகள் புண்ணை நோக்கி நீள்வது வெகுவாகத் தாமதமாகிறது என்று 2006-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் காட்டியது (மிளகாய்க் காரத்தை உணரும் ஏற்பிக்காக 2021-இல் நோபல் வாங்கியவர், அவரேதான்). ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பி2ஒய்12-க்கு ரொம்பப் பிடித்தது ஏடிபி இல்லை, அதிலிருந்து ஒரு பாஸ்பேட் கழன்ற இரண்டு பாஸ்பேட் வடிவம். அதைச் சுருக்கி எழுதினால் தமிழில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதால், இந்தப் பக்கம் முழுக்க அதை டைபாஸ்பேட் என்றே எழுதுகிறேன்.

சரி, சிடி39 எங்கே வருகிறது?

சிடி39 மைக்ரோகிளியாவின் மேற்பரப்பில் குத்தி நிற்கும் என்சைம். சுமார் 510 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். இரண்டு முனைகளும் செல்லுக்குள்ளே, நடுப்பகுதி முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டும் இடம் அந்த வெளிப்பகுதியில்தான். கால்சியமோ மெக்னீசியமோ துணைக்கு இருந்தால், வெளியே கிடக்கும் ஏடிபியின் பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரே பாஸ்பேட் மிஞ்சும் ஏஎம்பி வரை கொண்டுவந்துவிடும். அதற்கு மேல் சிடி73 என்ற இன்னொரு மேற்பரப்பு என்சைம் கடைசி பாஸ்பேட்டையும் கழற்ற, கிடைப்பது அடினோசின்.

மூளையில் சிடி39 இருக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டுதான்: மைக்ரோகிளியா, இரத்தக் குழாய்களின் உட்சுவர். இது 2000-இலேயே சாயமேற்றிப் பார்த்து உறுதியானது. குழாயில் அதன் வேலை வேறு, தட்டணுக்களை உசுப்பும் டைபாஸ்பேட்டை வெட்டி இரத்தம் கண்ட இடத்தில் உறையாமல் காப்பது. கொசுவின் எச்சிலிலும் மூட்டைப்பூச்சியின் எச்சிலிலும் இதே வேலை செய்யும் அபைரேஸ் என்சைம் இருக்கிறது, குடித்து முடிக்கும்வரை நம் இரத்தம் உறையக் கூடாதே! உருளைக்கிழங்கிலும் உண்டு, ஆய்வகத்தில் பாட்டிலில் வாங்கும் அபைரேஸ் பெரும்பாலும் கிழங்கிலிருந்து பிரித்ததுதான்.

கூப்பிடும் சேதி ஏடிபி. சிடி39 அதை அழிக்கிறது. அப்படியென்றால் சிடி39-ஐ எடுத்துவிட்டால் சேதி நிறைய மிஞ்சி, மைக்ரோகிளியா இன்னும் வேகமாக ஓட வேண்டாமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். நடந்தது நேர் எதிர்.

பெர்லினில் ஹெல்முட் கெட்டன்மனின் குழு, சிடி39 மரபணு நீக்கிய எலிகளின் மைக்ரோகிளியாவை எடுத்து ஏடிபி காட்டிப் பார்த்து 2008-இல் முடிவை வெளியிட்டது. சாதாரண எலியின் செல்கள் ஏடிபியைக் கண்டதும் கிளம்பின. சிடி39 இல்லாதவை அசையவில்லை. அதே செல்களுக்கு ஏடிபியோடு அடினோசினையும் சேர்த்துக் கொடுத்தால் கிளம்பிவிட்டன! அடினோசினுக்குப் பதிலாக, ஏடிபியை வெட்டும் என்சைமைக் கரைசலிலேயே கலந்துவிட்டாலும் கிளம்பின.

ஆக, செல்லின் காலில் பழுது இல்லை, தேவையான சேதி பாதிதான் கிடைத்திருக்கிறது. ஏடிபி, டைபாஸ்பேட் பிடிக்கும் ஏற்பி ஒரு பக்கம், அடினோசின் பிடிக்கும் ஏற்பி இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து தூண்டப்பட்டால்தான் முழு செல்லும் கிளம்பும். அந்த இரண்டாவது பாதியைத் தயாரிப்பது சிடி39. துப்புரவுப் பணியாளர் என்று பாடப்புத்தகப் படங்களில் இதை மூலையில் வரைந்துவைப்பது எனக்கு உடன்பாடில்லை; சேதியை அழிப்பதும் அடுத்த சேதியைப் பிறப்பிப்பதும் இங்கே ஒரே வெட்டுதான்.

சிடி39 டைபாஸ்பேட் தயாரிப்பதால்தான் பி2ஒய்12 வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா? அடினோசின் எதற்கு?

நல்ல கேள்வி, ஆனால் அவ்வளவு சுலபமாக முடியாது. சிடி39 ஏடிபியை வெட்டும்போது நடுவில் டைபாஸ்பேட்டை அதிகம் தேங்கவிடாது, ஏறக்குறைய ஒரே மூச்சில் ஏஎம்பிக்கு இறக்கிவிடும். டைபாஸ்பேட்டைத் தேங்கவிடுவது இதே குடும்பத்தின் என்டிபிடேஸ்2 என்ற வேறு என்சைம். அதோடு, அடினோசின் சேர்த்ததும் செல்கள் கிளம்பியதற்கு டைபாஸ்பேட்டை வைத்து மட்டும் விளக்கம் சொல்ல முடியாது. என் கணக்கில் அடினோசின் பக்கம்தான் கனம் அதிகம்.

நகர்ந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பாய்டன் சேம்பர் என்ற பழைய, எளிமையான சாதனம். மேலே ஒரு சின்னக் கிண்ணம், கீழே ஒரு சின்னக் கிண்ணம், நடுவே தாள்போன்ற பாலிகார்பனேட் சவ்வு. அதில் வழக்கமாக 8 மைக்ரான் அகல ஓட்டைகள். மைக்ரோகிளியாவின் உடம்பு அதற்குள் சும்மா விழாது, தானாக நெளிந்து நுழைந்தால்தான் அந்தப் பக்கம் போகும். மேலே செல்கள், கீழே ஏடிபி ஊற்றி, 37 டிகிரி இன்குபேட்டரில் சில மணி நேரம் வைத்துவிடுவார்கள். அப்புறம் சவ்வை எடுத்து, மேல்முகத்தில் தங்கிவிட்ட செல்களைச் சுரண்டித் துடைத்து, கீழ்முகத்தில் ஒட்டியிருப்பவற்றுக்குச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவார்கள். சலிப்பான வேலை, கண் எரியும்.

இதில் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை கட்டாயம் வேண்டும்: ஏடிபியை மேலேயும் கீழேயும் ஒரே அளவு ஊற்றிப் பார்ப்பது. அப்போதும் அதே எண்ணிக்கை வந்தால் செல்கள் திசை பார்த்துப் போகவில்லை, வெறுமனே பரபரப்பாகி அலைந்திருக்கின்றன என்று அர்த்தம். மைக்ரோகிளியா பற்றிய கட்டுரை எதைப் படித்தாலும், வரைபடத்தில் நான் முதலில் தேடுவது இந்தச் சோதனைக்கான பட்டையைத்தான்.

கிண்ணத்தில் சரி, மூளையில்?

அதே 2008 ஆய்வில் மூன்று விதக் காயங்களில் பார்த்தார்கள்: இரத்தம் தடைபட்ட மூளை, என்டோரைனல் கார்டெக்ஸ் என்ற மூளைப் பகுதியில் வெட்டு, முகநரம்பு வெட்டு. மூன்றிலும் சிடி39 இல்லாத எலிகளில், பாதிக்கப்பட்ட இடத்தில் குவிந்த மைக்ரோகிளியா வெகுவாகக் குறைவு.

மூன்றில் எனக்கு நம்பிக்கை தருவது முகநரம்பு. மற்ற இரண்டிலும் மூளையே நேரடியாகப் புண்பட்டு, இரத்தத்திலிருந்து மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் உள்ளே நுழைந்துவிடும், குவிந்தது யார் என்று பிரிப்பது பாடு. முகநரம்பையோ மண்டையோட்டுக்கு வெளியே, காதுக்குக் கீழே வெட்டுகிறார்கள். மூளையில் கத்தியே படுவதில்லை. ஆனாலும் அந்த நரம்பின் வேர் இருக்கும் மூளைத்தண்டுப் பகுதியில், சில நாட்களில் மைக்ரோகிளியா பெருகி அங்குள்ள நியூரான்களைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். 1968-இலேயே பிளின்ட்சிங்கரும் க்ராய்ட்ஸ்பெர்கும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் இதைப் பார்த்திருக்கிறார்கள், நியூரான் மேலிருக்கும் இணைப்புகளை மைக்ரோகிளியா விலக்கிவிட்டு இடம்பிடிப்பதுவரை. இரத்த-மூளைத் தடுப்பு பெருமளவு கெடாமல் இருப்பதால் அங்கே தெரிவது கிட்டத்தட்ட மைக்ரோகிளியாவின் சொந்தச் செயல்.

அது முழு செல் நகர்வு. கைகள் நீள்வதற்கும் சிடி39 வேண்டுமா?

வேண்டும் என்றுதான் 2017-இல் அதே பெர்லின் குழு காட்டியது. சிடி39 அல்லது சிடி73 இல்லாத எலிகளின் மைக்ரோகிளியாவில் கைகள் குட்டை, கிளைகளும் குறைவு. மூளையைச் சீவி வைத்தால் சாதாரண மைக்ரோகிளியாவே 15 நிமிஷத்தில் பாதிக் கைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது; சிடி39 இல்லாதவற்றில் அது இன்னும் மோசம். ஏடிபி நிரப்பிய கண்ணாடிக் குழாயை அருகில் வைத்தாலும், லேசரால் சுட்டாலும், கைகள் அந்தப் பக்கம் நீண்டது சாதாரண எலியில் மட்டும்தான்.

2005 ஆய்வில் அபைரேஸ் ஊற்றியதும் கைகள் நின்றுபோயின. 2008-இல் ஏடிபி வெட்டும் என்சைம் சேர்த்ததும் செல்கள் ஓடின. ஒன்றுக்கொன்று இடிக்கிறதே?

இடிப்பதுபோலத் தெரியும். 2005-இல் மூளையின் மேல் ஊற்றியது அங்கே இருக்கும் கொஞ்ச நஞ்ச ஏடிபியையும் துடைத்தெடுக்கத்தான். புண்ணிலிருந்து வரும் ஏடிபி செல்லைத் தொடுவதற்கு முன்பே காலி. 2008-இல் ஏடிபியை வெளியிலிருந்து தாராளமாகக் கொடுத்து, கூடவே வெட்டும் என்சைமைச் சேர்த்ததால் ஏடிபியும் இருந்தது, அடினோசினும் பிறந்தது. அளவும் இடமும்தான் வித்தியாசம். சிடி39 செல்லின் தோலிலேயே, ஏற்பிகளுக்குப் பக்கத்திலேயே நிற்பதன் லாபமும் இங்கேதான்: வெட்டிய துண்டு தூரம் போக வேண்டியதில்லை.

இன்னொரு விளக்கமும் சாத்தியம் இல்லையா? ஏடிபி அளவுக்கு மீறி மிஞ்சி, ஏற்பியே மரத்துப் போயிருக்கலாமே?

இருக்கலாம், அதற்கு முன்னுதாரணமும் உண்டு. பாஸ்டனில் சைமன் ராப்சன் குழுவினர் உருவாக்கிய சிடி39 இல்லாத எலிகளைப் பற்றிய முதல் கட்டுரை 1999-இல் வந்தது. இரத்தம் கண்டபடி உறையும் என்று எதிர்பார்த்தால், காயம் பட்ட எலிகளில் இரத்தம் நிற்கவே நேரம் பிடித்தது. காரணம், டைபாஸ்பேட்டும் ஏடிபியும் ஓயாமல் மோதியதில் தட்டணுக்களின் பி2ஒய்1 ஏற்பி உணர்விழந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் காதில் ஹாரன் விழாத கதைதான்.

மைக்ரோகிளியாவிலும் இது ஓரளவு நடக்கலாம். என்சைம் சேர்த்ததும் சரியானது இரண்டு விளக்கங்களுக்குமே பொருந்தும். ஆனால் ஏடிபியைக் குறைக்காமல் அடினோசினை மட்டும் கூடுதலாகக் கொடுத்ததும் செல்கள் கிளம்பின, மரத்துப்போன ஏற்பி என்ற விளக்கம் அங்கேதான் தடுமாறுகிறது. அதனால்தான் நான் இரட்டைத் தூண்டல் பக்கம் சாய்கிறேன். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவும் சாட்சிக்கு வருகிறது: அது தானே ஏடிபி வெளியிட்டு, சிடி39 மூலம் அடினோசினாக்கி, ஏடிபியைப் பிடிக்கும் பி2ஒய்2, அடினோசினைப் பிடிக்கும் ஏ3 என்ற இரண்டு ஏற்பிகளையும் வைத்துத் திசை பிடிக்கிறது.

அப்படியானால் சிடி39 இருந்தால் எல்லா செல்லும் காயத்துக்கு ஓடிவரும், சரியா?

தப்பு. 2009-இல் மிச்சிகனில் டேவிட் பின்ஸ்கியின் குழு இரத்த வெள்ளணுக்களை வைத்துச் செய்ததில் முடிவு தலைகீழ். சிடி39 இல்லாத எலிகளுக்கு மூளையில் இரத்தம் தடைபட்டபோது, வெள்ளணுக்கள் அதிகமாக உள்ளே நுழைந்தன. வெட்டப்படாத ஏடிபி, பி2எக்ஸ்7 ஏற்பியைத் தூண்டி, குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் இன்டெக்ரின் புரதத்தை வெள்ளணுவின் மேல் அதிகமாக்கிவிடுகிறது. ஒரே மூளை, ஒரே என்சைம். உள்ளூர் மைக்ரோகிளியா வராமல் நிற்கிறது, வெளியூர் வெள்ளணு கூட்டமாக வருகிறது. 'சிடி39 செல் நகர்வைக் கூட்டும்' என்று செல்லின் பெயரைச் சொல்லாமல் எழுதும் வாக்கியத்தை நம்பாதீர்கள்.

மைக்ரோகிளியா வருவது நல்லதா கெட்டதா?

நேரத்தைப் பொறுத்தது. ஆரம்பத்தில் கசியும் குழாயை மூடுவதும் கழிவை அள்ளுவதும் தேவை. 2016-இல் வந்த எலி ஆய்வொன்றில், பி2ஒய்12 வேலை செய்யாவிட்டால் லேசரால் சுட்ட நுண்குழாயின் கசிவு அடைபடத் தாமதமானது. ஆனால் நீண்ட நாள் உசுப்பிவிடப்பட்ட மைக்ரோகிளியா பி2ஒய்12-ஐக் குறைத்து, ஏ2ஏ என்ற அடினோசின் ஏற்பியைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது அதே அடினோசின் கைகளை நீட்டச் சொல்லாமல் உள்ளே இழுக்கச் சொல்கிறது. இது 2009-இல் தெரியவந்தது.

காயம் இல்லாத மூளையில் இதற்கு வேலை இல்லையா?

இருக்கிறது, என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விடச் சுவாரசியம். 2020-இல் நியூயார்க்கில் மவுண்ட் சைனாய் ஆய்வாளர்கள் தலைமையில் வந்த எலி ஆய்வு: நியூரான்கள் அளவுக்கு மீறிச் சேதி அனுப்பும்போது அவற்றிலிருந்தும், பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற இன்னொரு ரகக் கிளியாவிலிருந்தும் ஏடிபி கசிகிறது. மைக்ரோகிளியாவின் கை அங்கே நீள்கிறது, சிடி39 ஏடிபியை வெட்டுகிறது, சிடி73 முடித்துவைக்கிறது, பிறந்த அடினோசின் நியூரானின் ஏ1 ஏற்பியில் உட்கார்ந்து அதைத் தணிக்கிறது. மைக்ரோகிளியாவை அகற்றிய எலிகளுக்கு, மற்ற எலிகள் தாங்கும் தூண்டலிலேயே வலிப்பு வந்தது.

காபி குடித்தால் மைக்ரோகிளியா நின்றுவிடுமா? காஃபீன் அடினோசினைத் தடுக்கும் என்கிறார்களே?

காஃபீன் ஏ1, ஏ2ஏ ஏற்பிகளை மறிப்பது உண்மை, தூக்கம் கலைவது அதனால்தான். ஆனால் அந்த ஏற்பிகள் நியூரானிலும் இரத்தக் குழாயிலும் இன்னும் பல இடங்களிலும் இருக்கின்றன. கிண்ணத்துச் சோதனையிலிருந்து நேராக ஃபில்டர் காபிக்குத் தாவ வேண்டாம். நிம்மதியாகக் குடியுங்கள்.

வீட்டில் ஒருவர் பக்கவாதத்துக்குப் பிறகு குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார். அதுவும் பி2ஒய்12-ஐத் தடுக்கும் மருந்துதானே?

ஆமாம், தட்டணுவின் மேலிருக்கும் பி2ஒய்12-ஐத் தடுத்து இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் கொடுக்கிறார்கள். இரத்த-மூளைத் தடுப்பு நன்றாக இருக்கும்போது மருந்து மைக்ரோகிளியாவை அதிகம் எட்டுவதில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.

மனிதர்களில் சிடி39 கெட்டுப்போனால்?

இதற்கான மரபணு 10-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பெயர் ஈஎன்டிபிடி1. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால், சிறு வயதிலேயே கால்கள் விறைத்து நடை கெடும் அரிய நோய் வரும். எஸ்பிஜி64 என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். பல குழந்தைகளுக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும்.

புற்றுநோய்க்கு சிடி39 தடுப்பு மருந்து வருகிறது என்று படித்தேன். அது மூளையைப் பாதிக்குமா?

கட்டிகளுக்குள் அடினோசின் பெருகினால் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் சோர்ந்துவிடும், ஆகவே சிடி39-ஐ மறிக்கும் ஆன்டிபாடிகளை மருத்துவச் சோதனைகளில் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுவது மிகச் சொற்பம். மைக்ரோகிளியாவைவிட, அந்த மருந்து முதலில் தொடும் குழாய்ச் சுவர்களின் சிடி39 பற்றிக் கேட்பதுதான் பொருத்தமான கேள்வி.

சிடி38 என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதுதானா?

இல்லை. எண் பக்கத்துப் பக்கத்தில் வந்ததோடு சரி, உறவு கிடையாது. அதுவும் மேற்பரப்பு என்சைம்தான், ஆனால் அது வெட்டுவது என்ஏடி என்ற வேறு மூலக்கூறை.